சீனியர்களை விற்பதா, வைத்துக்கொள்வதா? புதிதாகக் கட்டப்படும் ஐஸ் ஹாக்கி அணியின் முன்னுள்ள வழிகள்

அணி கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. இனி மூன்று நான்கு வருடம் தோற்றாலும் பரவாயில்லை, இளம் ஆட்டக்காரர்களை வளர்த்து மேலே வருவோம் என்று நிர்வாகமும் முடிவெடுத்துவிட்டது. அப்போது உடை மாற்றும் அறையில் முப்பதைத் தாண்டிய நாலைந்து பேர் மிச்சம் இருப்பார்கள். பெயர் எடுத்தவர்கள், நல்ல சம்பளம் வாங்குபவர்கள், இன்னும் ஓரளவு ஆடக்கூடியவர்கள். அணி மறுபடி ஜெயிக்கும் காலத்தில் இவர்களில் யாரும் ஆடிக்கொண்டிருக்கப் போவதில்லை. இவர்களை என்ன செய்வது?

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிய வாக்குவாதம். ஒரு பக்கம் "எல்லோரையும் விற்றுவிடு, டிராஃப்ட் தேர்வுகளை வாங்கிக் குவி" என்பார்கள். (டிராஃப்ட் என்பது வருடத்துக்கு ஒருமுறை அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. விற்பது என்று இங்கே சொல்வது, ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து அந்தத் தேர்வு உரிமையையோ வேறு ஆட்டக்காரரையோ வாங்குவது.) இன்னொரு பக்கம் "பெரியவர்கள் இல்லாத அணியில் பையன்கள் கெட்டுப்போவார்கள்" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த சீனியர், எந்த ஒப்பந்தம், எந்த நேரம் என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் இரண்டுமே தப்பாகிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோல் அடிக்கிற சீனியரைச் சீக்கிரம் விற்க வேண்டும். கோல் வாங்காமல் தடுக்கிற சீனியர் ஒருவரையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் நீண்ட ஒப்பந்தம் மட்டும் கூடாது.

விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-26 பருவத்தில் அது 95.5 மில்லியன் டாலர். பலரும் கவனிக்காதது, அதற்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு என்பதுதான். அதே பருவத்தில் அது 70.6 மில்லியன். டிராஃப்டில் எடுத்த பையன்கள் தங்கள் முதல் ஒப்பந்தத்தில் வாங்கும் அடிப்படைச் சம்பளம் அப்போது வருடத்துக்கு ஒரு மில்லியனைத் தொடவில்லை. அப்படிப்பட்ட பையன்களாலேயே அணியை நிரப்பினால் கீழ்வரம்பை எட்ட முடியாது. ஆகவே "எல்லோரையும் விற்றுவிடு" என்பது பேச்சுக்குத்தான். யாராவது சில சீனியர்களுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். அது யாருக்கு என்பதுதான் கேள்வி.

முதல் வழி விற்பது. இதை மான்ட்ரியால் கனேடியன்ஸ் செய்த மாதிரி அண்மையில் யாரும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். 2021 கோடையில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி வரை போன அணி, அடுத்த பருவத்திலேயே 55 புள்ளிகளோடு லீக்கின் கடைசி இடத்தில் முடித்தது. ஜெஃப் கோர்ட்டனும் கென்ட் ஹியூஸும் அணி நிர்வாகப் பொறுப்புக்கு வந்ததும் முதலில் கைவைத்தது விங்கர் (ஓரத்தில் ஆடும் முன்கள ஆட்டக்காரர்) டைலர் டோஃபோலி மீது. அவருக்கு அப்போது 29 வயது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு பருவத்துக்கும் மேல் இருந்தது, சம்பளமும் மிதமானது. அவசரப்பட்டு விற்க வேண்டிய கட்டாயமே இல்லை. இருந்தும் 2022 பிப்ரவரியில் கால்கரிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வும் எமில் ஹைனமன் என்ற இளம் ஆட்டக்காரரும் வந்தார்கள். கூட இன்னும் சில சில்லறைகள்.

அடுத்த மாதமே 30 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் பென் ஷேரோ ஃப்ளோரிடாவுக்குப் போனார். அதற்கு 2023க்கான முதல் சுற்றுத் தேர்வு கிடைத்தது. அந்த வருடம் ஃப்ளோரிடா இறுதிப் போட்டி வரை போனதால் தேர்வு 31ஆம் இடத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. மான்ட்ரியால் அதை வைத்து ஒரு பையனை எடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. அதோடு 37ஆம் தேர்வையும் சேர்த்துக் கொலராடோவுக்குக் கொடுத்து, 22 வயது அலெக்ஸ் நியூஹூக்கை வாங்கிக்கொண்டது. 34 வயது ஜெஃப் பெட்ரியைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து 28 வயது மைக் மத்தேசனை வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். பெட்ரிக்கு மூன்று வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தது. மத்தேசன் 2023-24 பருவத்தில் 62 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்த கணக்கு) எடுத்தார்.

இதோடு சிகாகோ பிளாக்ஹாக்ஸ் பாட்ரிக் கேனை விற்ற கதையை வைத்துப் பாருங்கள். மூன்று கோப்பைகள் வாங்கிக் கொடுத்த ஆட்டக்காரர். 2023 பிப்ரவரி 28 அன்று அவர் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனபோது சிகாகோவுக்குக் கிடைத்த பெரிய வரவு ஒரே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. ரேஞ்சர்ஸ் நன்றாக முன்னேறினால் அது முதல் சுற்றாக மாறும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ரேஞ்சர்ஸ் முதல் சுற்றிலேயே நியூஜெர்சியிடம் தோற்று வெளியேறியதால் அதுவும் மாறவில்லை. கேனுக்கு அப்போது 34 வயது, ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே இருந்தன, இடுப்பில் தொல்லை. இதெல்லாம் போக, அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்ற ஷரத்து அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. போனால் ரேஞ்சர்ஸுக்குத்தான் என்று அவர் முடிவு செய்தபிறகு மற்ற அணிகள் விலை கேட்கவே வாய்ப்பில்லை. வாங்குபவர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டால் விலையை அவர்தான் வைப்பார்.

டோஃபோலியையும் கேனையும் திறமையில் ஒப்பிடவே முடியாது. கேன் எங்கோ, டோஃபோலி எங்கோ. ஆனால் சந்தையில் டோஃபோலிக்கு விலை அதிகம் வந்தது. வாங்குகிற அணி பார்ப்பது அந்த ஆளின் கடந்த காலத்தை அல்ல, எத்தனை பிளேஆஃப் (பருவக் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பருவங்களுக்கு அவர் தன் கையில் இருப்பார் என்பதைத்தான். அதனால்தான் விற்பதென்றால் சீக்கிரம் விற்க வேண்டும் என்கிறேன். கோல் அடிக்கும் திறன் இருபதுகளின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, முப்பதுக்குமேல் இறங்கும். அலெக்ஸ் ஒவெச்கின் 39 வயதில், 2025 ஏப்ரலில், வேய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டினார். அப்படி ஒருவர் ஒரு தலைமுறைக்குத்தான் வருவார். நம் அணியின் 32 வயது விங்கர் ஒவெச்கின் இல்லை.

இரண்டாவது வழி கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி, வெளியிலிருந்து இன்னொரு சீனியரை வாங்குவது. ஜெயிக்க ஆசைப்படும் அணிகளுக்கு உச்சவரம்பு கழுத்தை நெரிக்கும். காயம்பட்டவரோ ஆட்டம் சறுக்கியவரோ ஒருவர் பெரிய சம்பளத்தில் உட்கார்ந்திருப்பார். அவரை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஏதாவது தருகிறோம் என்பார்கள். 2022 ஆகஸ்டில் கால்கரி அப்படித்தான் ஷான் மொனஹனை மான்ட்ரியாலுக்குக் கொடுத்தது. அவர் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்த 27 வயது சென்டர் (நடுவில் ஆடும் முன்கள ஆட்டக்காரர்). அவரை ஏற்றுக்கொண்டதற்கு மான்ட்ரியாலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வு கூலியாகக் கிடைத்தது. ஆளையும் கொடுத்து, தேர்வையும் கொடுத்தார்கள்!

முதல் வருடம் மொனஹன் 25 ஆட்டங்களோடு காயத்தில் உட்கார்ந்தார். அணி அவரைக் கைவிடாமல் அடுத்த வருடத்துக்கு இரண்டு மில்லியனுக்கும் குறைவான சம்பளத்தில் மறுபடி வைத்துக்கொண்டது. அவர் 49 ஆட்டங்களில் 35 புள்ளிகள் எடுத்தார். 2024 பிப்ரவரியில் வின்னிபெக் அவருக்காக இன்னொரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தது. மான்ட்ரியால் அதோடு வேறு இரண்டு தேர்வுகளைச் சேர்த்து டிராஃப்டில் 21ஆம் இடத்துக்கு ஏறி, மைக்கேல் ஹேஜ் என்ற சென்டரை எடுத்தது.

அப்புறம் கால்கரியிலிருந்து கூலியாக வந்த அந்தத் தேர்வு. 2025 ஜூனில் மான்ட்ரியால் அதையும் தன் சொந்த முதல் சுற்றுத் தேர்வையும், டோஃபோலிக்குப் பதிலாக வந்த ஹைனமனையும் சேர்த்து நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்தது. வந்தவர் நோவா டாப்சன். வலது கைத் தற்காப்பு ஆட்டக்காரர், 25 வயது, எட்டு வருட ஒப்பந்தம். விற்ற ஒரு சீனியரும் ஏற்றுக்கொண்ட ஒரு சீனியரும் சேர்ந்து மூன்று வருடத்தில் அணியின் முதல் ஜோடியில் ஆடக்கூடிய ஒருவராக மாறியிருக்கிறார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் அதிர்ஷ்டம் வந்தால் பிடித்துக்கொள்ள சம்பள இடம் காலியாக இருந்தது, பொறுமையும் இருந்தது.

சான் ஹோசே ஷார்க்ஸும் இதே வேலையைச் செய்தது. 2023இல் எரிக் கார்ல்சனைப் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிய பெரிய டிரேடில், சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட வந்தவர்களில் ஒருவர் மிக்கேல் கிரான்லண்ட். பிட்ஸ்பர்க்கில் அவர் ஆட்டம் எடுபடவில்லை, ஒப்பந்தம் இரண்டு வருடம் பாக்கி. ஷார்க்ஸில் முதல் வரிசை சென்டராக இடம் கிடைத்ததும் முதல் பருவத்திலேயே 60 புள்ளிகள் எடுத்தார். 2025 பிப்ரவரியில் அவரையும் கோடி சீசியையும் டாலஸுக்கு அனுப்பி முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை வாங்கினார்கள். மோசமான அணியில் ஆடும் நேரம் தாராளமாகக் கிடைக்கும். நல்ல அணியில் நாலாவது வரிசையில் காணாமல் போனவர் இங்கே பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்தில்) ஆடுவார், எண்கள் ஏறும், விலையும் ஏறும்.

இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாரும் மொனஹனாகத் தேறிவர மாட்டார்கள். அதனால் ஒப்பந்தத்தில் ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்குமேல் பாக்கி இருந்தால் தொடவே கூடாது. தேறாவிட்டாலும் அடுத்த கோடையில் கணக்கு தானாகத் தீர்ந்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி வைத்துக்கொள்வது. இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். "தலைமைப் பண்பு", "அனுபவம்" என்று வர்ணனையாளர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதால், இதில் ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். பனித்தளத்தில் அது எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு காட்சியைப் பாருங்கள். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை) மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. 20 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் அதை எடுக்கப் பின்னால் ஓடுகிறார். முகம் தளத்தைச் சுற்றியுள்ள பலகையைப் பார்த்து, முதுகு எதிரிக்கு. பின்னால் யார் வருகிறார்கள், எவ்வளவு அருகில் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றரை வினாடியில் அவருக்குக் கண்ணாக இருப்பது ஜோடி ஆட்டக்காரரின் குரல்தான். "வீல்" என்றால் பக்கோடு கோலுக்குப் பின்னால் சுற்றி ஓடு. "ரிவர்ஸ்" என்றால் வந்த வழியிலேயே பலகையை ஒட்டித் திருப்பி விடு. "ஓவர்" என்றால் அந்தப் பக்கம் நான் இருக்கிறேன், தள்ளு. குரல் தாமதமாக வந்தாலோ தப்பாக வந்தாலோ பையன் பலகையில் நசுங்குவான், பக் எதிரி கைக்குப் போகும். இது ஓர் ஆட்டத்தில் பலமுறை நடக்கும். ஜோடியில் இரண்டு பேரும் இருபது வயதாக இருந்தால் யார் குரல் கொடுப்பது?

மான்ட்ரியாலில் அந்தக் குரல் டேவிட் சவார்ட். 2021இல் டாம்பா பேயோடு கோப்பை வென்ற கையோடு நான்கு வருட ஒப்பந்தத்தில் வந்தார், வருடத்துக்கு 3.5 மில்லியன். வேகமில்லை, கோல் அடிப்பதில்லை. தன் அணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பெனால்டி நேரத்தில் மண்டியிட்டு ஷாட்டுக்குக் குறுக்கே உடம்பைப் போடுவார். கெய்டன் கூலே, ஆர்பர் ஷெக்கை, ஜோர்டன் ஹாரிஸ், ஜஸ்டின் பேரன் என்று ஒரே பருவத்தில் நாலைந்து இளைஞர்கள் தற்காப்பில் இறங்கியபோது கூட நின்றவர் அவர். 2024 டெட்லைனில் (அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களை விற்பதற்கான கடைசி நாளில்) அவரை விற்க நல்ல சந்தை இருந்தது. அணி விற்கவில்லை. அடுத்த பருவத்தில் இளம் தற்காப்பு ஆட்டக்காரர் லேன் ஹட்சன் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வாங்கினார், அணி 91 புள்ளிகளோடு பிளேஆஃபுக்குப் போனது, சவார்ட் 34 வயதில் ஓய்வை அறிவித்தார். சவார்ட் இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவருக்குப் பதிலாக வந்திருக்கக்கூடிய ஒரு டிராஃப்ட் தேர்வு, 2029இல் ஆடலாம், ஆடாமலும் போகலாம். அந்த இரண்டு வருடங்களில் அணியின் தற்காப்பு முழுக்க இளைஞர்களின் தோளில் இருந்தது. நான் அங்கே மேனேஜராக இருந்திருந்தாலும் விற்றிருக்க மாட்டேன்.

பெரியவர்கள் இல்லாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எட்மன்டனைப் பார்க்கலாம். 2010, 2011, 2012 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வு அவர்களுக்குத்தான்: டெய்லர் ஹால், ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், நெய்ல் யாகுபோவ். 2006க்குப் பிறகு பிளேஆஃப் வாசலை மிதிக்க 2017 வரை காத்திருந்தார்கள், அதுவும் கானர் மெக்டேவிட் வந்த பிறகு. பஃபலோ 2011க்குப் பிறகு 14 பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. என்.எச்.எல். வரலாற்றில் அதுதான் மிக நீண்ட வறட்சி. அந்த வருடங்களில் அவர்களிடம் உயர்ந்த தேர்வுகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

சரி, அப்படியானால் சீனியர்களை அள்ளிக்கொண்டு வந்தால் போதுமா? போதாது. 2023 கோடையில் கானர் பெடார்டை டிராஃப்டின் முதல் தேர்வாக எடுத்த சிகாகோ, அவரைச் சுற்றி நிக் ஃபொலினோ, டெய்லர் ஹால், கோரி பெரி ஆகியோரைக் கொண்டுவந்தது. ஹாலுக்கு முழங்காலில் காயம், பருவம் முடிந்தது. பெரியின் ஒப்பந்தம் நவம்பரிலேயே ரத்தானது. நின்றவர் ஃபொலினோ மட்டும்தான். 2024 ஜனவரியில் நியூஜெர்சியில் பிரெண்டன் ஸ்மித் மோதியதில் பெடார்டின் தாடை உடைந்தபோது, கையுறையைக் கழற்றிப் போட்டு ஸ்மித்தோடு மல்லுக்கு நின்றவர் 36 வயது ஃபொலினோ. பின்னர் கேப்டனும் ஆனார். அணிக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதை நியாயமானது. ஆனால் அந்தப் பருவத்தில் சிகாகோ எடுத்தது 52 புள்ளிகள்தான். பெடார்டுக்கு அந்த வருடம் அதிகம் தேவைப்பட்டது, தன் பாஸை வாங்கிக் கோலாக்கக்கூடிய, தன் வயதை ஒட்டிய ஒரு விங்கர். 24 வயதில் அலெக்ஸ் டிபிரிங்கட்டை 2022 கோடையில்தான் விற்றிருந்தார்கள்.

வைத்துக்கொள்ளும் சீனியர் யாருடைய ஆடும் நேரத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பெனால்டி நேரத்தில் ஷாட் தடுப்பதும், ஆட்டம் முடியும் நிமிடங்களில் முன்னிலையைக் காப்பதும் பையன்களிடமிருந்து பறிக்கும் வேலைகள் இல்லை. பவர் பிளே அப்படி இல்லை. முதல் பவர் பிளே அணியில் இருப்பது ஐந்தே இடம். அதில் ஒன்றை 33 வயது விங்கர் பிடித்துக்கொண்டால், ஒரு 20 வயதுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பார்த்துக் கற்கிற வேலை அது இல்லை. கோல் அடிப்பவரை விற்று, தடுப்பவரை வைத்துக்கொள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வழிகாட்டுதல் மட்டும்தான் வேண்டுமென்றால் அதற்கு அணியில் இடமே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் முதல் தேர்வாக ஷார்க்ஸுக்கு வந்த மாக்லின் செலப்ரினி தன் முதல் பருவத்தில் தங்கியது ஓய்வுபெற்ற ஜோ தார்ன்டனின் வீட்டில், அவர் குடும்பத்தோடு. 2005இல் சிட்னி கிராஸ்பி, பிட்ஸ்பர்க் நட்சத்திரம் மரியோ லெமியூ வீட்டில் தங்கித்தான் தொடங்கினார். சாப்பாடு, தூக்கம், தோல்விக்கு மறுநாளை எப்படிக் கடப்பது என்பதெல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். பனித்தளத்தில் குரல் கொடுக்கத்தான் ஆடுகிற ஆள் வேண்டும்.

சீனியர்கள் இருந்தால் தேவையில்லாமல் நாலு ஆட்டம் ஜெயித்து டிராஃப்ட் இடம் கெட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முதல் தேர்வு யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாவதால், கடைசி இடத்தில் முடித்தாலும் அது கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான். பெடார்டை எடுத்தபோது சிகாகோ கடைசியிலிருந்து மூன்றாவது. 2025இல் கடைசி இடத்தில் இருந்தது சான் ஹோசே. குலுக்கலில் ஜெயித்ததோ கடைசியிலிருந்து பத்தாவதாக இருந்த ஐலண்டர்ஸ். குலுக்கலை நம்பி அறையைக் காலி செய்வது விவேகமான கணக்கு இல்லை.

ஆபத்து நீண்ட ஒப்பந்தத்தில்தான். பிரெண்டன் கேலகர் மான்ட்ரியாலின் செல்லப் பிள்ளை, உயிரைக் கொடுத்து ஆடுபவர். 2020இல் அணி அவருக்கு ஆறு வருடம், வருடத்துக்கு 6.5 மில்லியன் என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் 2027 வரை ஓடுகிறது. 2024-25இல் 32 வயதில் 21 கோல் அடித்தார், அது பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் அந்தச் சம்பளத்தை வேறு எந்த அணி ஏற்கும்? விற்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் உரிமையே அங்கே அணியின் கையை விட்டுப் போய்விட்டது. டோஃபோலிக்கு 2024இல் சான் ஹோசே நான்கு வருடம், வருடத்துக்கு ஆறு மில்லியன் கொடுத்தபோது அவருக்கு 32 வயது. முதல் பருவத்தில் 30 கோல் அடித்துவிட்டார். கீழ்வரம்பை எட்டவும் செலப்ரினி பக்கத்தில் ஒரு நல்ல கை இருக்கவும் இது உதவியது. நான்காவது வருடம் அவருக்கு 36 ஆகும், செலப்ரினியும் அப்போது பெரிய சம்பளத்தில் இருப்பார். நானாக இருந்தால் வருடச் சம்பளத்தை இன்னும் ஒரு மில்லியன் கூட்டிக் கொடுத்து, இரண்டு வருடத்தோடு நிறுத்தியிருப்பேன்.

கடைசியாக, இந்தக் கணக்கு எதற்கும் எளிதில் அடங்காதவர்கள்: அணியின் முகமாகவே ஆகிவிட்டவர்கள். 2024 செப்டம்பரில் கிராஸ்பி பிட்ஸ்பர்க்கோடு இரண்டு வருட நீட்டிப்பில் கையெழுத்திட்டார், வருடத்துக்கு 8.7 மில்லியன். அடுத்து வந்த பருவத்தில் 37 வயதில் 91 புள்ளிகள் எடுத்தார். அணியோ தொடர்ந்து மூன்றாவது வருடமாகப் பிளேஆஃபுக்கு வெளியே. அவரை விற்றால் கிடைக்கும் தேர்வுகளைப் பற்றி ரசிகர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போடட்டும். ஆனால் இந்த வகை ஆட்டக்காரரிடம் அணி செய்ய வேண்டிய முதல் வேலை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. அதை டெட்லைனுக்கு இரண்டு வாரம் முன்னால் கேட்கக் கூடாது. ஒரு வருடம் முன்னால் கேட்க வேண்டும்.

பிலடெல்ஃபியாவில் கிளோட் ஜிரூவுக்கும் கேனைப் போலவே தன் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாத ஒப்பந்தம்தான், அதே 34 வயதுதான். 2022 மார்ச்சில் பிலடெல்ஃபியாவுக்காக ஆயிரமாவது ஆட்டத்தை ஆடவிட்டு, சொந்த ஊர் ரசிகர்கள் எழுந்து நின்று வழியனுப்பிய பிறகு, அவர் விரும்பிய ஃப்ளோரிடாவுக்கே அனுப்பினார்கள். பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஓவன் டிப்பெட்டும் வந்தார்கள். டிப்பெட் அடுத்த பருவத்தில் பிலடெல்ஃபியாவுக்காக 27 கோல் அடித்தார்.